இடது கால்

பரிசோதனை அறைக்குள் குழந்தையோடு ஒருவர்தான் வரலாம் என்று டெக்னீஷியன் பெனிட்டா சொல்லி முடிப்பதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். என் வீட்டுக்காரரும் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொரு காலில் செருப்போடு நின்றுகொண்டு, "சசி, நான் போகட்டுமா? என்கிட்டன்னா சீக்கிரம் தூங்கிடுவா" என்றார். தப்பில்லாத பேச்சுதான். எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். மகிழா எட்டு வருஷமாக அப்பா பக்கத்தில் இருந்தால்தான் தூங்குகிறாள், நான் மட்டும் இருந்தால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறாள். ஆனால் அதை அந்த வராந்தாவில், டோக்கனோடு உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டுமா? மடியில் மஞ்சள் ஃபைலோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி வேறு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் அவளோட அம்மா, நான்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தேன், அவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட மாட்டார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது கத்தினால் நானும் கத்திவிட்டு ஓய்ந்துபோவேன். இப்போது மணி பதினொன்று பத்து, நான் ஜெயித்துவிட்டேன், குழந்தை தூங்கவில்லை.

தூங்க வேண்டும், அதுதான் இன்றைக்கு வேலையே. தூங்கினால்தான் மூளை என்ன செய்கிறது என்று அந்தப் பெட்டி வரைந்து காட்டும். அதற்காகத்தான் ராத்திரி ரெண்டு மணிக்கே அவளை எழுப்பிவிடச் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் கூடாது, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், வழியில் கண் அயரவிடக் கூடாது. ரெண்டு மணியிலிருந்து மூன்று பேரும் விழித்திருக்கிறோம். ஆட்டோவில் அவள் தலை சரியச் சரிய அவர் தன் சட்டைப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டு வந்தார், அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். சட்டைப் பையில் யாராவது ஜிப் வைத்துத் தைப்பார்களா? அவர் வைத்துத் தைத்திருக்கிறார், எல்லாச் சட்டையிலும், அவளுக்காக. துணிக்கடையில் வேலை செய்கிற எனக்கு அது தோன்றவில்லை. இப்போது அவள் தலையில் இருபத்தொரு இடத்தில் வெள்ளைப் பசை வைத்து ஒயர் ஒட்டி, மேலே துணி சுற்றியாயிற்று. ஒயர் ஒட்டும்வரை பெனிட்டாவிடம் அழாமல் இருந்தாள், நான் பக்கத்தில் படுத்ததும் சிணுங்குகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெனிட்டா மைக்கில் சொல்கிறாள், "பன்னெண்டு மணிக்குள்ள தூங்கினாத்தான்மா. இல்லன்னா அடுத்த டேட் வாங்கிக்கணும், இருபத்தஞ்சு நாள் ஆகும்." இருபத்தைந்து நாள். அதுவரைக்கும் எந்த மருந்து என்று தெரியாமல் இருட்டில் கை விட்டுத் தேட வேண்டும். வெளியே போய் ஒரு வார்த்தை, "நீங்களே வாங்க" என்று சொன்னால் போதும். அஞ்சு நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். சொல்ல மாட்டேன். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். எதைத்தான் அவர் முதலில் கண்டுபிடிக்கவில்லை? மகிழா மூன்று வயதில் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது, அவருக்கு ஒரு ராத்திரி. அப்புறம் போன ஆடி மாசம், "பாப்பா தூக்கத்துல இடது கையத் தூக்குறா, இடது காலால சைக்கிள் மிதிக்கிற மாதிரி பண்றா, அரை நிமிஷம், அப்புறம் நின்னுடுது, ஒரே மாதிரி வருது சசி, தினமும் ஒரே மாதிரி" என்றார். கனவு காண்கிறாள் என்றேன் நான். கனவு தினமும் ஒரே மாதிரி வருமா என்று கேட்டார். டாக்டரம்மா அவர் போனில் எடுத்துவைத்திருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கவனமா பாத்திருக்கீங்க" என்று அவரைப் பாராட்டினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். இது வலிப்பு, தூக்கத்தில் மட்டும் வருகிற வகை, ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வலிப்பும் சேர்ந்து வரும், ரெண்டுக்கும் சில சமயம் ஒரே வேர்தான் என்றார். அந்த வேர் ஜீனில் இருக்கலாம். மூளையில் செல்லுக்குச் செல் போகிற தகவலில் போதும் என்று நிறுத்துகிற வேலை ஒன்று இருக்கிறதாம், அதைச் செய்கிற ஜீனில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட இப்படி ஆகுமாம். பகலில் சமாளித்துக்கொண்டுவிடும், தூக்கத்தில் நழுவிவிடும். அந்த ஜீனுக்கு ஒரு பேரும் சொன்னார், நாலைந்து இங்கிலீஷ் எழுத்து, கடைசியில் ஒரு நம்பர், வண்டி நம்பர் மாதிரி. எந்த ஜீன் என்று தெரிந்தால் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று தெரியும், ஒரு மருந்து ஒருத்தருக்கு நல்லது செய்யும், இன்னொருத்தருக்குக் கெடுதல் செய்யும். மூன்று பேர் ரத்தமும் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஆறு வாரம். அதற்குள் இந்தத் தூக்கப் பரிசோதனையும், ஒரு நீல ஃபாரமும்.

அந்த நீல ஃபாரத்தில் ரெண்டு கட்டம். அப்பா வழி, அம்மா வழி. "குடும்பத்துல யாருக்காவது தூக்கத்துல கை கால் இழுக்கிறது, திடுக்குன்னு எழுந்து உக்கார்றது, நடக்கிறது உண்டா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க. நிறையப் பேருக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, நான் சொல்லிவிட்டேன், "இவரோட சித்தப்பா ஒருத்தர் தூக்கத்துல நடப்பாரு." சின்னத்துரை சித்தப்பா ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நடந்திருக்கிறார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார், என் நாத்தனார், துணைக்கு வருகிறேன் என்று வந்தவர், முகம் சுருங்கிப்போயிற்று. பொண்ணு பாக்கும்போதே நல்லா விசாரிச்சிருக்கணும் என்று மூன்று வருஷமாக என் காதுபடப் பேசியவர். சுருங்கட்டும். எனக்கு அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அவர் தலையைக் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டதோ என்று நானும் குனிந்து பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. "அம்மா வழில?" என்று டாக்டரம்மா கேட்டார். எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல என்றேன். ஃபாரத்தை என்னிடம் நீட்டினார்கள், நான் சித்தப்பா பேரை எழுதினேன், அவர் அதை வாங்கி மடித்து ஜிப் வைத்த பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மஞ்சள் ஃபைல்காரியின் பையனுக்கும் இதே மாதிரிதான். காலையில் அவளே வந்து பேச்சுக் கொடுத்தாள், துறையூர் பக்கமாம். அவர்களுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. "புதுசா வந்ததாம்க்கா. என்கிட்ட இருந்தும் இல்ல, அவர்கிட்ட இருந்தும் இல்ல, கருவுலயே தானா மாறிடுச்சாம். யார் மேலயும் தப்பில்லன்னுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிறாள்! அவள் பையன் நாற்காலிக்கு அடியில் படுத்துத் தரையை நக்கிக்கொண்டிருக்கிறான், என் பெண்ணைவிட அவனுக்கு அதிகம்தான், இருந்தாலும் அவள் சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் புடவை, அவள் கழுத்துச் சங்கிலி, பையனின் சுருட்டை முடி, எதைப் பார்த்தும் எரியவில்லை, அந்த மஞ்சள் ஃபைலைப் பார்த்துத்தான் எரிந்தது. யார் மேலயும் தப்பில்ல என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் அதற்குள் இருக்கிறது. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். மாமியார் வந்தால் காட்டலாம். எனக்கு அந்த மாதிரி ஒன்று கிடைக்கும் என்று மனசு நம்பவில்லை, ஏனென்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அப்பா வழி என்றாவது வரட்டும். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து நான் சாமியிடம் வேண்டுவது அதைத்தான். குழந்தைக்குச் சரியாக வேண்டும் என்று முதலில் வேண்டுகிறேன், உடனே அதோடு ஒட்டிக்கொண்டு இதுவும் வந்துவிடுகிறது, அவர் பக்கமா இருக்கட்டும், அவர் பக்கமா இருக்கட்டும்.

மற்றதெல்லாம் அவர் பக்கம்தானே, இது மட்டும் ஏன் என் பக்கம் வர வேண்டும்? பெரிய கடைவீதியில் மேட்சிங் சென்டரில் பதினாலு வருஷமாக நிற்கிறேன். புடவையைக் கவுண்டரில் போட்டாலே போதும், நான் விரித்துக்கூடப் பார்க்க மாட்டேன், திரும்பி மூன்றாவது வரிசையில் ஏழாவது ஜாக்கெட் பீஸை உருவினால் அது அச்சாக ஒட்டிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று போகிறவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என் பெண்ணை எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். நெற்றி அவருடையது. காது மடல் அவருடையது. நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்வது அவருடையது. விரல் நகம், புருவம், வெயிலில் மூக்கு சிவப்பது. எங்கேயும் நான் இல்லை. ஒரு ஓரத்தில்கூட இல்லை. பத்து மாசம் சுமந்து கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன். அவளுக்கு இருபது, இருபத்தைந்து வார்த்தை தெரியும். அம்மா என்பாள். அம்மா என்றால் தண்ணீர் வேண்டும், அம்மா என்றால் கதவைத் திற, அம்மா என்றால் இந்தச் சட்டை குத்துகிறது. அப்பாவைப் 'பா' என்பாள். பா என்றால் ஒன்றும் வேண்டாம், பா மட்டும்தான் வேண்டும். அப்பன் வந்தால் போய் மடியில் உட்கார்ந்து அந்த ஜிப்பை இழுப்பாள், அவ்வளவுதான், அதற்குமேல் உலகமே தேவையில்லை. நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன், பார்த்துவிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

ஒயர் கட்டைப் பிடித்து இழுக்கப் போகிறாள். கண்ணே, வேண்டாம், அதைத் தொடக் கூடாது. கையைப் பிடித்தால் உதறுகிறாள். தட்டிக் கொடுத்துப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், என் குரல் ஏசி சத்தத்தில் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்ன செய்வார்? காலைப் பிடித்துக்கொள்வார். அவர் படுப்பதே தலைமாட்டை மாற்றி, எங்கள் கால் இருக்கிற பக்கம் தலை வைத்துத்தான். கல்யாணம் ஆன முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் படுக்கிறார், ஜன்னல் காற்று அந்தப் பக்கம்தான் வருது என்று சொன்னார். புதுப் பெண் நான், புருஷன் என் காலடியில் தலை வைத்துப் படுக்கிறான் என்று யாரிடம் சொல்ல முடியும்? நாலு நாள் அழுதேன். ராத்திரி டியூட்டி பார்க்க மாட்டேன் என்று அந்த மாசமே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டும் வந்தார், அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், இவர் அங்கேயே இருக்கிறார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, பெண்டாட்டியை விட்டுப் பிரிய முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் குழந்தை பிறந்தது, அவள் அவருக்கு அந்தப் பக்கம் படுத்தாள், அவள் கால் அவர் கைக்கு வசமாகக் கிடைத்தது. அப்பனும் மகளும் ஒட்டிக்கொண்டார்கள், நான் சுவர் ஓரம். சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தலையணை வேறு வைத்துவிடுவார், சில்லுனு இருக்கும் என்று.

அவர் மாதிரியே மகிழாவின் இடது பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். இழுத்துக்கொண்டுவிட்டாள். மறுபடி பிடித்தேன், உதைத்தாள், கொலுசு என் மணிக்கட்டில் கீறியது. எப்படிப் பிடிக்கிறார் அந்த மனுஷன், என்ன மந்திரம் வைத்திருக்கிறார் கையில்? மணி பதினொன்று நாற்பது. பெனிட்டா கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறாள். "அப்பாவக் கூப்பிடட்டுமாம்மா?" என்று மைக் கேட்கிறது. "வேணாம் சிஸ்டர், தூங்கிடுவா, கண்ணு சொருகுது பாருங்க" என்றேன். சொருகவில்லை. கொட்டக்கொட்ட விழித்திருக்கிறாள். சொருகுவது என் கண்தான். எனக்கு எப்போதுமே தூக்கம் என்றால் பிரியம். சின்ன வயசில் எங்கள் வீட்டில் நாலு பெண்கள் வரிசையாகப் படுப்போம், எனக்கு மட்டும் ஓரமாகத் தனிப் பாய். இவ பக்கத்துல படுத்தா உதை வாங்கணும் என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள். காலையில் போர்வை முறுக்கிக்கொண்டு கிடக்கும், அம்மா வந்து, ராத்திரி எந்தக் குதிரைடி ஓட்டினே என்று கேட்டுச் சிரிப்பாள். இடது கால் கொலுசுத் திருகாணிதான் எப்போதும் தொலையும், வலது கால் திருகாணி தொலைந்ததே இல்லை. இப்போதும் அப்படித்தான், அவர்தான் சத்தம் போடாமல் வாங்கிவந்து மாட்டிவிடுவார். இடது கட்டைவிரல் நகம் கறுத்தே இருக்கும், கடையில் ஸ்டூலில் இடித்துக்கொண்டிருப்பேன். ரெண்டு மணியிலிருந்து விழித்திருக்கிறேன். போதும், தட்டிக்கொடுக்க முடியவில்லை, கை விழுந்துவிட்டது. நான் தோற்றுப்போகிறேன் பாப்பா, நீ ஃபேனைப் பார், இங்கே ஃபேன் இல்லை, சரி, அந்த லைட்டைப் பார். அவள் தன் உள்ளங்கால் ரெண்டையும் என் முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்கிறாள். பலமாக அழுத்துகிறாள். வலிக்கிறது, இருக்கட்டும். சில்லென்று இருக்கிறது அந்தக் கால். மெரூன் கலர், மூன்றாவது வரிசை, யாரோ வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள், பன்னிரண்டு மணிக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும், யாரது, நாத்தனாரா, கொடுங்கள், அது என்னுடையது, அதற்கு மேட்சிங் என்னிடம்தான்

"எழுந்திரிங்கம்மா, முடிஞ்சிருச்சு."

பெனிட்டா என் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். மணி பன்னிரண்டு ஐம்பது. பக்கத்தில் மகிழா வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், எச்சில் தலையணையில் இறங்கியிருக்கிறது. தூங்கினாளா? எப்போது தூங்கினாள்? "நீங்க தூங்கின ரெண்டாவது நிமிஷம் அவளும் தூங்கிட்டா. அருமையான ரெக்கார்டிங். ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டும் பிடிச்சாச்சு" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். என்னிடம் தூங்கியிருக்கிறாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. வெளியே போய் அவரிடம் சொல்ல வேண்டும், சாதாரணமாகச் சொல்ல வேண்டும், தூங்கிட்டா என்று மட்டும். ஆனால் பெனிட்டா நகரவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்குத் தூக்கத்துல இப்படி எப்பவும் உண்டா?" என்றாள். எப்படி என்றேன். யோசித்தாள். "டாக்டருக்குத்தான் காட்டணும். உங்க உடம்பு, நீங்க பாக்கலாம், வாங்க" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

திரையில் பாதிக்கு மேல் கோடுகள், ஓரத்தில் கேமரா பிடித்த படம். கட்டிலில் நாங்கள் ரெண்டு பேர். மகிழாவின் இடது கை மெதுவாக மேலே போகிறது, முழங்கை மடங்காமல், விரல்கள் விரிந்து. தலை இடது பக்கம் திரும்புகிறது. இடது கால் மிதிக்கிறது, ஒன்று, ரெண்டு, மூன்று, எண்ணிக்கொண்டே வந்தேன், பதினொன்று. கோடுகள் எல்லாம் கொந்தளித்துவிட்டு அடங்குகின்றன. பெனிட்டா ஓட்டிவிட்டாள். அப்புறம் ஒரு பொம்பளை. வாய் பிளந்து தூங்குகிற ஒரு பொம்பளை, நீலப் பூப்போட்ட புடவை, நான்தான். அவளுடைய இடது கை மேலே போகிறது. முழங்கை மடங்காமல். விரல்கள் விரிந்து. தலை இடது பக்கம். இடது கால். பதினொன்று வரை எண்ணவில்லை, எண்ணத் தேவை இல்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவும் தேவை இல்லை. பதினாலு வருஷத்தில் இப்படி ஒட்டுகிற மேட்சிங்கை நான் எடுத்துக் கொடுத்ததில்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பயம் வந்தது, ஐயோ என்று வந்தது, நான் கொடுத்தேனா இதை என்று வந்தது, அதெல்லாம் அப்புறம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு சந்தோஷமாக இருந்தது. இருக்கேன். அவகிட்ட நானும் இருக்கேன்.

"லேப் ரிசல்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். தூக்கம் கெட்டதால அதிகமா வந்திருக்கலாம். ஆனா அந்த ஃபாரத்துல எழுதிடுங்கம்மா, மருந்து முடிவு பண்றதுக்கு டாக்டர் அதைத்தான் முதல்ல பாப்பாங்க. உங்களையும் பாக்கணும்னு சொல்லுவாங்க" என்றாள் பெனிட்டா. அவள் பேசிக்கொண்டே பஞ்சை நனைத்து மகிழாவின் தலையிலிருந்த பசையைத் துடைத்தாள். குழந்தை விழித்துக்கொண்டு பா என்றது. எனக்கு இந்தத் தடவை சுருக்கென்று குத்தவில்லை, அல்லது குத்தியதை நான் கவனிக்கவில்லை.

வெளியே அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை போலிருக்கிறது. மகிழா ஓடிப்போய் அவர் இடுப்பில் ஏறி ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள். "தூங்கினாளா?" என்றார். "தூங்கினா. நானும் தூங்கிட்டேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் இடது காலைப் பார்த்தார், திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அன்றைக்கு டாக்டரம்மா அறையில் பார்த்த அதே பார்வை. எனக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் காற்று புரிந்தது. சுவரோரத் தலையணை புரிந்தது.

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"கல்யாணம் ஆகி மூணாவது நாள்ல இருந்து."

"பதினோரு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்கம்மாகிட்ட கேட்டேன். சின்னப் புள்ளைல இருந்தே உதைப்பா, கெட்ட கனவுன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். சொன்னா நீ தூங்கவே பயப்படுவேன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடும். சுவத்துல இடிச்சுக்காம காலை மட்டும் பிடிச்சுக்குவேன்." குழந்தையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டார். "பாப்பாவுக்கு அதே மாதிரி வந்தப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

"அன்னைக்கு நான் சித்தப்பாவச் சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அக்கா உக்காந்திருந்தாங்கல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நீல ஃபாரத்தை எடுத்தார். மடித்த இடம் நைந்துபோயிருந்தது, பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார். அம்மா வழி என்ற கட்டம் காலியாக இருந்தது. "எழுதணும்னுதான் வெச்சிருந்தேன். உன்னக் கேக்காம எப்படி எழுதுறது?"

நான் பேனாவை வாங்கினேன். மஞ்சள் ஃபைல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும். சின்னத்துரை சித்தப்பா பேரைக் கோடு போட்டு அடித்தேன். குடிச்சிட்டுதான் நடந்தாரு என்று சொன்னேன், அவர் தெரியும் என்றார். அம்மா வழி என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன், சசிரேகா, வயது முப்பத்தெட்டு, தூக்கத்தில் இடது கை, இடது கால், சின்ன வயதிலிருந்து. எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று புகைய ஆரம்பித்துவிட்டது. பதினோரு வருஷமாக ராத்திரியானால் ஒருத்தி என் இடத்தில் படுத்து அவர் கையில் காலைக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். அவளுக்காக அவர் வேலையில் மேலே போகாமல் இருந்திருக்கிறார், அவள் கால்மாட்டில் தலை வைத்திருக்கிறார். இந்தப் பக்கம் விழித்திருக்கிறவள் நான், அவர் காலைப் பிடிப்பது மகளுக்கு மட்டும்தான் என்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் தூங்குமூஞ்சியின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, மகிழா மேல் இருந்ததைவிட, மஞ்சள் ஃபைல் மேல் இருந்ததைவிட. எல்லாம் அவளுக்கே கிடைத்திருக்கிறது, வாங்கிக்கொண்டது அவளுக்குத் தெரியவும் இல்லை.

காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி இடது காலை நீட்டினேன். "எப்படிப் பிடிப்பீங்க? காட்டுங்க" என்றேன்.

"இங்கயா?" வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார். பத்துப் பேர். டோக்கன் கூப்பிடுகிற அட்டெண்டர் வேறு.

"இங்கதான். பாப்பாவுக்கு நானும் பிடிக்கணும்ல, கத்துக்க வேணாமா?"

அவர் மகிழாவை இடுப்பிலிருந்து இறக்காமலே ஒரு முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்தார். குழந்தை எட்டிப் பார்த்தது. கணுக்காலுக்குக் கீழே, குதிகாலைச் சேர்த்து, உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்திப் பிடித்தார். "தடவக் கூடாது. இப்படி அழுத்தணும். தடவினா கூச்சம், உதைப்பா" என்றார். அழுத்தம் கால் வழியாக மேலே ஏறி வந்தது. மஞ்சள் ஃபைல்காரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் விடப் போனார். இன்னும் சரியாப் புரியல, இன்னொரு தடவை காட்டுங்க என்றேன். முதல் தடவையே நன்றாகப் புரிந்துவிட்டிருந்தது.